ஏவிஎக்ஸ்2-க்கு மாற்றிய எப்ஐஆர் ஃபில்டர் ஸ்கேலார் ரெஃபரன்ஸோடு ஒத்துப்போகவில்லை: டாலரன்ஸைக் கூட்டலாமா?

#1 வடிகட்டி64

64 டேப் எப்ஐஆர் ஃபில்டர்: கடைசி 64 இன்புட் சாம்பிளை 64 கோஎஃபிஷியன்டால் (டேப்) பெருக்கிக் கூட்டினால் ஒரு அவுட்புட். உள்ளே 32 பிட் ஃப்ளோட், வெளியே 16 பிட் பிசிஎம் (இன்டீஜர் ஒலி சாம்பிள்). சி-யில் ஒவ்வொரு எண்ணாகக் கணக்கிட்ட ஸ்கேலார் கோடை, எட்டு ஃப்ளோட்டை ஒரே நேரத்தில் கணக்கிடும் ஏவிஎக்ஸ்2 இன்ட்ரின்சிக்குக்கு (பிராசஸர் இன்ஸ்ட்ரக்ஷனை நேராக அழைக்கும் ஃபங்ஷன்) மாற்றியாயிற்று. ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் டேப்களை எட்டு எட்டாகப் பெருக்கிக் கூட்டி, கடைசியில் எட்டு லேனையும் (ரெஜிஸ்டரில் ஒரு எண் இருக்கும் இடம்) ஒன்றாகக் கூட்டுகிறோம். பழைய ஸ்கேலார் கோடுதான் ரெஃபரன்ஸ், ரிலேட்டிவ் டாலரன்ஸ் 10⁻⁶. ஜிசிசி, லினக்ஸ். ஃபெயில் ஆகிறவை நான்கு வகை:

அ. நீளம் 1024, ஃப்ளோட் நிலை: ஆங்காங்கே ஃபெயில். இடங்களில் ஒழுங்கு எதுவும் தெரியவில்லை. உதாரணம், எதிர்பார்த்தது 0.00002134, கிடைத்தது 0.00002137.

ஆ. நீளம் 1003: இடம் 1000, 1001, 1002 மூன்றும் முற்றிலும் தவறு. ஓட்டும்போதெல்லாம் வேறு வேறு மதிப்பு வருகிறது.

இ. பிசிஎம் ஆக்கிய பிறகு: 4–11, 20–27, 36–43 என்று போகிறது. அந்த இடங்கள் தவறு, நடுவில் உள்ளவை சரி.

ஈ. டீபக் பில்ட் சில சமயம் செக்மென்டேஷன் ஃபால்டில் விழுகிறது. ரிலீஸ் பில்ட் விழுவதே இல்லை.

டாலரன்ஸை 10⁻³ ஆக்கினால் அ பாஸ் ஆகிவிடும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று ரிவ்யூவில் ஒரு யோசனை வந்திருக்கிறது. அது சரிதானா?

#2 லேன்_பார்வை

டாலரன்ஸில் இப்போது கை வைக்காதீர்கள். நான்குக்கும் காரணம் வேறு வேறு, எது எதனால் என்பதை ஃபெயில் ஆன இடங்களே சொல்லிவிட்டன. எஸ்ஐஎம்டி (ஒரே இன்ஸ்ட்ரக்ஷனில் பல எண்) கோடில் "எவ்வளவு தப்பு" என்பதற்கு முன்னால் "எங்கே தப்பு" என்று பார்க்க வேண்டும். ஃபெயில் ஆன இண்டெக்ஸை 8-ஆலும் 16-ஆலும் வகுத்து மீதியை அச்சிடும்படி டெஸ்டை மாற்றுங்கள். பாதி வேலை அதிலேயே முடியும்.

இ-யை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு 16-லும் முதல் 4 சரி, கடைசி 4 சரி, நடுவில் 8 தவறு. 32 பிட் இன்டீஜரை 16 பிட்டாகச் சுருக்கும் பேக்ஸ் இன்ட்ரின்சிக் போட்டிருப்பீர்கள். ஏவிஎக்ஸ்2-ல் அது 256 பிட்டை ஒரே நீளமாகப் பார்ப்பதில்லை. 128 பிட் லேன் (இங்கே லேன் என்பது ரெஜிஸ்டரின் ஒரு பாதி) இரண்டும் தனித்தனியாக வேலை செய்கின்றன. முதல் ரெஜிஸ்டரில் 0–7, இரண்டாவதில் 8–15 இருந்தால் வெளியே வரும் வரிசை இது:

0 1 2 3 | 8 9 10 11 | 4 5 6 7 | 12 13 14 15

நடுவில் உள்ள இரண்டு நாலும் இடம் மாறிக் கிடக்கின்றன. பேக்ஸுக்குப் பிறகு 64 பிட் துண்டுகளை இடம் மாற்றும் பெர்ம்யூட் ஒன்று போட்டால் போதும். அதன் கன்ட்ரோல் எண் 216, பைனரியில் 11 01 10 00. ஹரிஸான்டல் ஆட், அன்பேக், பைட் ஷஃபிள், அலைன்ஆர் எல்லாமே இதே மாதிரி லேனுக்குள்தான் இயங்கும். எஸ்எஸ்இ (பழைய 128 பிட் வடிவம்) கோடை அகலப்படுத்தி ஏவிஎக்ஸ்2 ஆக்கும்போது இந்த இன்ஸ்ட்ரக்ஷன்களைத் தனியாகப் பட்டியல் எடுத்துச் சரிபார்க்க வேண்டும்.

ஆ-வுக்கு விளக்கமே தேவையில்லை. 1003 என்பது 125 × 8 + 3. மீதி மூன்றை யாரும் எழுதவில்லை. அவுட்புட் பஃபரில் ஏற்கெனவே இருந்த குப்பைதான் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறாக வருகிறது.

#3 மிதவைப்புள்ளி

அ-வை நான் எடுத்துக்கொள்கிறேன். அது பக் இல்லை, டெஸ்டில் உள்ள கோளாறு. ஆனால் 10⁻³ அதற்கு மருந்தும் இல்லை.

உங்கள் உதாரணத்தில் வித்தியாசம் 3×10⁻⁸. அவுட்புட்டே 2×10⁻⁵ என்பதால் ரிலேட்டிவ் பிழை 1.4×10⁻³ ஆகப் பெரிதாகத் தெரிகிறது. 64 பெருக்கல்களின் கூட்டுத்தொகையில் பிளஸும் மைனஸும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிஞ்சிய சிறு எண் அது. ரவுண்டிங் பிழையின் அளவை நிர்ணயிப்பது மிஞ்சிய எண் அல்ல, கூட்டப்பட்ட எண்களின் பருமன். ஆகவே ஒவ்வொரு சாம்பிளுக்கும் எல்லையை இப்படிக் கணக்கிடுங்கள்:

எல்லை = ரவுண்டிங் எண்ணிக்கை × 5.96×10⁻⁸ × (|கோஎஃபிஷியன்ட்| × |இன்புட்| பெருக்கங்களின் கூட்டுத்தொகை)

5.96×10⁻⁸ என்பது 2⁻²⁴, 32 பிட் ஃப்ளோட்டின் ஒரு ரவுண்டிங்கில் வரக்கூடிய அதிகபட்ச ரிலேட்டிவ் பிழை. ஸ்கேலார் கோடில் வரிசையாக 64 முறை கூட்டுகிறீர்கள், அதனால் காரணி சுமார் 3.8×10⁻⁶. எப்எம்ஏ (பெருக்கலும் கூட்டலும் ஒரே ரவுண்டிங்கில்) போட்ட ஏவிஎக்ஸ்2 கோடில் ஒரு லேனுக்கு 8 எப்எம்ஏ, பிறகு எட்டு லேனையும் சேர்க்க 3 படி. மொத்தம் 11, காரணி 6.6×10⁻⁷.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கணக்குப்படி புதிய கோடுதான் துல்லியம் கூடியது, பழையதுதான் குறைந்தது. குறைந்ததை அளவுகோலாக வைத்துக்கொண்டு கூடியதை ஃபெயில் செய்கிறோம். ரெஃபரன்ஸை 64 பிட் டபுளில் எழுதுங்கள். ஸ்கேலார், ஏவிஎக்ஸ்2 இரண்டையும் அதனோடு தனித்தனியாக ஒப்பிடுங்கள், ஒவ்வொன்றுக்கும் அதனதன் எல்லை. ஸ்கேலார் பிழையும் பக்கத்தில் அச்சாகும்போது ரிவ்யூவில் விவாதத்துக்கே இடமிருக்காது.

#4 கேச்_லைன்

ஈ பத்தி யாரும் சொல்லல. அலைன்மென்ட் பிரச்சினை அது. அலைன்டு லோட் இன்ட்ரின்சிக் போட்டிருக்கீங்க, அதுக்கு 32 பைட் அலைன்மென்ட் வேணும், அதாவது அட்ரஸ் 32-ஆல வகுபடணும். 64 பிட் ஜிலிப்சி-ல (லினக்ஸோட சி லைப்ரரி) மால்லாக் தர்றது 16 பைட் அலைன்மென்ட்தான். சின்ன பஃபர்னா சில நேரம் தற்செயலா 32-ல வந்து உட்காரும், சில நேரம் வராது. பெரிய பஃபர் எம்மேப் (கெர்னல்கிட்ட நேரா பேஜா வாங்குறது) வழியா வரும். அப்ப பேஜ் தொடக்கத்துல 16 பைட் ஹெடர் போக மீதிதான் நமக்கு, அதனால அது எப்பவுமே 32-ல உட்காராது.

ரிலீஸ் ஏன் விழலன்னு கேட்டா: ஆப்டிமைசேஷன் இருக்கும்போது கம்பைலர் அந்த லோடைத் தனியா வைக்காம பெருக்கல் இன்ஸ்ட்ரக்ஷனோட மெமரி ஆபரண்டா சேர்த்துடும். ஏவிஎக்ஸ்-ல அப்படிச் சேர்ந்த ஆபரண்டுக்கு அலைன்மென்ட் கட்டாயமில்ல. டீபக் பில்ட்ல தனி மூவ் இன்ஸ்ட்ரக்ஷனா வரும், அது அலைன்மென்டைச் சரிபார்க்கும், விழும். அப்ப ரிலீஸ் சரின்னு அர்த்தம் இல்ல. நாளைக்கு கம்பைலர் வெர்ஷன் மாறினா அதுவும் விழலாம்.

எப்படியும் எப்ஐஆர்-ல விண்டோ ஒவ்வொரு சாம்பிளா நகருது. எட்டுல ஏழு தடவை இன்புட் அட்ரஸ் அலைன் ஆகவே ஆகாது. இன்புட்டுக்கு அன்அலைன்டு லோட், கோஎஃபிஷியன்டுக்கு மட்டும் அலைன்டு. இப்போதைய பிராசஸர்ல அட்ரஸ் அலைன் ஆயிருந்தா அன்அலைன்டு லோடுக்குத் தனிச் செலவு இல்ல. 64 பைட் கேச் லைனைத் தாண்டும்போதுதான் கொஞ்சம் செலவு.

#5 வடிகட்டி64

நன்றி. இ-க்கு பெர்ம்யூட் போட்டோம், இப்போது பாஸ். ஈ-க்கு இன்புட் எல்லாவற்றையும் அன்அலைன்டு ஆக்கினோம், டீபக் பில்ட் விழவில்லை.

ஆ-வில் ஒரு கேள்வி. மீதி சாம்பிள்களுக்கு ஸ்கேலார் லூப் நல்லதா, மாஸ்க் லோட் (தேவையான லேன்களை மட்டும் படிப்பது) நல்லதா? இன்னொன்று: ரெஃபரன்ஸோடு பிட் மாறாமல் ஒத்துப்போனால்தான் ஏற்போம் என்று குழுவில் ஒருவர் உறுதியாக இருக்கிறார். ஃப்ளோட்டில் அது நடக்கிற காரியமா?

#6 லேன்_பார்வை

மூன்று வழி உண்டு. ஸ்கேலார் லூப் எளிது. ஆனால் கடைசி சில சாம்பிளின் ரவுண்டிங் மற்றவற்றிலிருந்து மாறும். மாஸ்க் லோடும் மாஸ்க் ஸ்டோரும் சுத்தமானவை: மாஸ்க் ஆன லேன் பஃபருக்கு வெளியே, மேப் ஆகாத பேஜில் விழுந்தாலும் ஃபால்ட் வராது. மூன்றாவது, கடைசி வெக்டரை நீளம் − 8 என்ற இடத்திலிருந்து தொடங்கி ஏற்கெனவே செய்த சிலவற்றை மறுபடி செய்வது. வேகமானது, ஆனால் இன்புட்டும் அவுட்புட்டும் ஒரே பஃபராக இருந்தால் கூடாது, நீளம் 8-க்குக் குறைவாக இருந்தாலும் கூடாது.

எதை எடுத்தாலும் டெஸ்டில் நீளம் 0-லிருந்து குறைந்தது 40 வரை ஒவ்வொன்றையும் ஓட்டுங்கள். பெரிய நீளத்துக்கு 1024 வேண்டாம். க்னூ ரேடியோவின் வோல்க் லைப்ரரி தன் டெஸ்டுகளில் 131071 என்ற நீளத்தைப் பயன்படுத்துகிறது. 2¹⁷ − 1, பகா எண். 4, 8, 16 எதனாலும் வகுபடாது, அதனால் மீதியைக் கையாளும் கோடு ஒவ்வொரு முறையும் ஓடியே தீரும்.

#7 மிதவைப்புள்ளி

பிட் மாறாமல் ஒத்துப்போவது முடியும். ஆனால் அது டெஸ்டில் முடிவாகிற விஷயம் இல்லை, வெக்டர் ஆக்கும் முறையில் முடிவாகிறது.

நீங்கள் செய்திருப்பது டேப்களின் திசையில் வெக்டர் ஆக்குவது: ஒரு அவுட்புட்டின் 64 பெருக்கங்கள் எட்டு லேனில் பிரிந்து, கடைசியில் சேர்கின்றன. கூட்டல் வரிசை மாறுகிறது. ஃப்ளோட் கூட்டலில் (அ+ஆ)+இ என்பதும் அ+(ஆ+இ) என்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அங்கே பிட் ஒற்றுமை கேட்பது வீண்.

மற்றொரு முறை அவுட்புட்களின் திசையில் போவது. எட்டு லேனில் அடுத்தடுத்த எட்டு அவுட்புட். ஒரு கோஎஃபிஷியன்டை எட்டு லேனுக்கும் பிராட்காஸ்ட் செய்து, அதற்குரிய எட்டு இன்புட்டோடு பெருக்கி, எட்டு அக்யுமுலேட்டரில் கூட்டுவது. ஒவ்வொரு லேனிலும் கூட்டல் வரிசை ஸ்கேலார் லூப்பில் இருந்த அதே வரிசை. ஹரிஸான்டல் கூட்டலே இல்லை, பெரும்பாலும் வேகமும் கூடும். மிச்சமிருக்கும் வித்தியாசம் எப்எம்ஏ மட்டும்தான். ரெஃபரன்ஸிலும் எப்எம்ஏஎஃப் ஃபங்ஷனை வெளிப்படையாக அழைத்தால் கடைசி பிட் வரை ஒத்துப்போகும்.

ஆனால் வரிசையாக 64 முறை கூட்டுவதால் துல்லியம் பழைய ஸ்கேலார் அளவுக்குத் திரும்பிவிடும். என் கருத்தில் ஆடியோவுக்கு அது ஏற்கத்தக்க விலை, ஏனென்றால் பிட் ஒற்றுமை இருக்கும் டெஸ்டில் டாலரன்ஸ் என்ற கேள்வியே எழாது. எந்தச் சிறு பக்கும் ஒளிந்துகொள்ள முடியாது.

#8 நியான்_பக்கம்

மிதவைப்புள்ளி சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. ரெஃபரன்ஸில் எப்எம்ஏ இருக்கிறதா இல்லையா என்பதை நீங்கள் எழுதிய கோடு மட்டும் தீர்மானிப்பதில்லை. ஜிசிசி தன் இயல்பான க்னூ மோடில், பெருக்கலையும் கூட்டலையும் பார்த்தால் டார்கெட்டில் எப்எம்ஏ இருக்கும்போது தானாக இணைத்துவிடும். எக்ஸ்86-64-ன் அடிப்படைத் தொகுப்பில் எப்எம்ஏ கிடையாது, அதனால் அங்கே இணைக்காது. ஏஆர்எம் 64-ல் அது அடிப்படையிலேயே உண்டு, இணைக்கும். அதே சோர்ஸ், அதே ஆப்ஷன், இன்டெல் லேப்டாப்பில் பாஸ், ஏஆர்எம் சர்வரில் ஃபெயில். மார்ச்=நேட்டிவ் (அந்த மெஷினின் எல்லா இன்ஸ்ட்ரக்ஷனையும் அனுமதிக்கும் ஆப்ஷன்) போட்டால் இன்டெல்லிலும் இதே கதை. ரெஃபரன்ஸ் ஃபைலுக்கு மட்டுமாவது இப்படி இணைப்பதைக் கட்டுப்படுத்தும் எப்பி-கான்ட்ராக்ட் ஆப்ஷனை ஆஃப் என்று கொடுங்கள். ஃப்ளோட் விதிகளைத் தளர்த்தும் ஃபாஸ்ட்-மேத் ஆப்ஷன் அந்த ஃபைலின் பக்கமே வரக்கூடாது.

#9 லேன்_பார்வை

டெஸ்ட் சிக்னலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதுதான் அடுத்த ஓட்டை. டிசைன் செய்த அசல் ஃபில்டரையே டெஸ்டிலும் போட்டிருந்தால் இரண்டு பக் கண்ணில் படாது.

ஒன்று, லீனியர் ஃபேஸ் எப்ஐஆர் சமச்சீரானது. கோஎஃபிஷியன்டைத் தலைகீழாகப் படித்தாலும் அதே விடை வரும். கன்வல்யூஷனுக்குப் பதில் கோரிலேஷன் செய்திருந்தாலும் டெஸ்ட் பாஸ்.

இரண்டு, ஃபில்டர் டிசைனில் கோஎஃபிஷியன்ட்களைப் பெருக்கும் பிளாக்மேன் விண்டோவின் இரு முனையும் பூஜ்யம். முதல் டேப்பையோ கடைசி டேப்பையோ விட்டுவிட்டாலும் டெஸ்ட் பாஸ்.

டெஸ்டுக்கு −1 முதல் 1 வரை ரேண்டம் கோஎஃபிஷியன்ட், சமச்சீர் இல்லாமல். சீடை (ரேண்டம் எண்களின் தொடக்க மதிப்பு) கட்டாயம் அச்சிடுங்கள், அதே சீடைக் கொடுத்து மறுபடி ஓட்ட வழி வையுங்கள். எஃப்எஃப்எம்பெக்கின் செக்ஆஸ்ம் டெஸ்ட் இப்படித்தான் செய்கிறது.

இம்பல்ஸ் (ஒரே ஒரு 1, மற்றதெல்லாம் 0) கொடுத்தால் அவுட்புட்டில் கோஎஃபிஷியன்ட்களே வரிசையாக வர வேண்டும். எந்த டேப் எங்கே போனது என்று நேராகத் தெரியும். ஒரே ஒரு டேப்பை 1 ஆக்கி, மற்றதெல்லாம் 0 ஆக்கி, இன்புட்டாக 0, 1, 2, 3 என்ற ரேம்ப் கொடுத்தால் லேன் குழப்பம் எண்ணாகவே எழுதிக் காட்டும். மேலே இ-யில் 3-க்கு அடுத்து 8 வந்திருக்கும். மாறாத டிசி சிக்னலில் அந்த பக் தலையே காட்டாது.

அவுட்புட் பஃபரை அழைப்புக்கு முன் என்ஏஎன்-ஆல் (எண் அல்ல என்று குறிக்கும் ஃப்ளோட் மதிப்பு) நிரப்புங்கள். எழுதாத சாம்பிள் உடனே தெரியும்.

#10 கேச்_லைன்

பஃபரைத் தாண்டிப் படிக்கிறதையும் பாருங்க. அட்ரஸ் சானிட்டைசர் இன்ட்ரின்சிக் கோடைப் பிடிக்கும், கையால எழுதின அசெம்பிளியைப் பிடிக்காது. அதுக்கு எம்மேப்ல ரெண்டு பேஜ் எடுத்து, ரெண்டாவதை எம்ப்ரொடெக்ட்டால பூட்டி, இன்புட்டோட கடைசி பைட் முதல் பேஜோட கடைசி பைட்டா இருக்கிற மாதிரி வைங்க. ஒரு பைட் தாண்டினாலும் அந்த இடத்துலயே விழும். முன்பக்கம் தாண்டுதான்னு பார்க்கப் பூட்டின பேஜை முன்னாடி வைங்க. எப்ஐஆர் பழைய சாம்பிளைப் படிக்கிறதால முன்பக்கமும் அவசியம்.

பிளாக் பிளாக்கா ஓட்டுற ஃபில்டர்னா இன்னொன்னு. அதே சிக்னலை முழுசா ஒரு தடவை. 1, 7, 63, 64, 65 சாம்பிள் துண்டா ஒரு தடவை. ரெண்டு விடையும் ஒத்துப்போகணும். டேப் எண்ணிக்கையை விடச் சின்னத் துண்டு வரும்போதுதான் பழைய சாம்பிளை வெச்சிருக்கிற ஹிஸ்டரி பஃபர் கெடும்.

#11 வடிகட்டி64

அவுட்புட் திசைக்கு மாற்றி எழுதினோம். ஃப்ளோட் நிலை எல்லா நீளத்திலும் பிட் மாறாமல் ஒத்துப்போகிறது. பிசிஎம் நிலையில் மட்டும் சில சாம்பிளில் 1 வித்தியாசம். கோஎஃபிஷியன்டை 0.5 என்று வைத்தால் நிறைய வருகிறது, ரேண்டமாக வைத்தால் அநேகமாக வருவதில்லை.

#12 மிதவைப்புள்ளி

ரெஃபரன்ஸில் எல்ரவுண்ட்எஃப் இருக்கும். அது சரிபாதி எண்ணைப் பூஜ்யத்திலிருந்து விலகும் பக்கம் தள்ளும்: 2.5 என்றால் 3. பிராசஸரின் கன்வெர்ட் இன்ஸ்ட்ரக்ஷன் இயல்பில் இரட்டைப்படை பக்கம் தள்ளும்: 2.5 என்றால் 2. ரெஃபரன்ஸை எல்ரின்ட்எஃப்-க்கு மாற்றுங்கள்.

அதே இன்ஸ்ட்ரக்ஷனில் இன்னொரு குழி. 32 பிட்டில் அடங்காத எண், இன்ஃபினிட்டி, என்ஏஎன் எதுவானாலும் விடை −2147483648. அதை பேக்ஸ் −32768 ஆக்கும். பிளஸ் இன்ஃபினிட்டி உள்ளே போனால் மைனஸ் உச்சம் வெளியே வரும். அதனால் கன்வெர்ட்டுக்கு முன்பே ஃப்ளோட்டிலேயே கிளாம்ப் செய்யுங்கள், அதாவது எல்லைக்குள் வெட்டுங்கள். மின், மேக்ஸ் இன்ஸ்ட்ரக்ஷன்களில் ஏதாவது ஒரு பக்கம் என்ஏஎன் இருந்தால் இரண்டாவது ஆபரண்ட் அப்படியே திரும்பி வரும். சாம்பிள் முதலில், எல்லை இரண்டாவது என்று வைத்தால் என்ஏஎன் எல்லைக்குள் அடங்கும். மாற்றி வைத்தால் கிளாம்பைத் தாண்டிப் போய்விடும்.

#13 பைசிக்னல்

பைதானில் டெஸ்ட் எழுதுகிறவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பைதான் எண் லைப்ரரியான நம்பையின் அசெர்ட்_ஆல்க்ளோஸ் இயல்பாக ரிலேட்டிவ் 10⁻⁷, அப்சல்யூட் 0 எடுக்கும். ஆல்க்ளோஸ் எடுப்பது 10⁻⁵, 10⁻⁸. பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் அளவு வேறு. 32 பிட் ஃப்ளோட்டில் 10⁻⁷ என்பது கடைசி பிட் அளவு: மான்டிசா 1.19-க்குக் கீழே இருந்தால் ஒரு பிட் வித்தியாசமே ஃபெயில், மேலே இருந்தால் பாஸ். எனவே இரண்டு மதிப்பையும் நீங்களே கொடுங்கள். அப்சல்யூட் டாலரன்ஸை மேலே #3-ல் சொன்ன கணக்கிலிருந்து எடுங்கள்.

சைபையின் கன்வால்வ் இயல்பில் நேரடி முறையையும் எஃப்எஃப்டி முறையையும் அளவைப் பார்த்துத் தானே தேர்வு செய்கிறது. சின்ன டெஸ்டில் ஒரு முறை, பெரிய டெஸ்டில் வேறு முறை. எஃப்எஃப்டி வழியில் பிழை அந்தந்த சாம்பிளின் அளவைப் பொறுத்தது அல்ல, மொத்த பிளாக்கின் உச்சத்தைப் பொறுத்தது. பலத்த ஒலிக்குப் பின் வரும் அமைதியான பகுதியில் ரிலேட்டிவ் பிழை எகிறும். அங்கே சாம்பிள் வாரியாக ஒப்பிடாமல், பிழையின் ஆர்எம்எஸ்ஸை சிக்னலின் ஆர்எம்எஸ்ஸால் வகுத்துப் பாருங்கள்.

தனியாக ஓட்டினால் பாஸ், எல்லா டெஸ்டோடும் ஓட்டினால் ஃபெயில் என்றால் டீநார்மலை (பூஜ்யத்துக்கு மிக அருகில் உள்ள எண்கள்) சந்தேகியுங்கள், குறிப்பாக தன் அவுட்புட்டையே திரும்ப எடுத்துக்கொள்ளும் ஐஐஆர் ஃபில்டரின் வால் பகுதியில். 1.18×10⁻³⁸-க்குக் கீழே உள்ள எண்களைப் பூஜ்யமாக்கும் பிட்டை வேறொரு லைப்ரரி போட்டிருக்கலாம். ஃப்ளோட் அமைப்புகளை வைத்திருக்கும் எம்எக்ஸ்சிஎஸ்ஆர் ரெஜிஸ்டரில் 15-வது பிட்டும் 6-வது பிட்டும். ஜிசிசி 13-க்கு முந்தைய வெர்ஷனில் ஃபாஸ்ட்-மேத் போட்டு லிங்க் செய்த ஷேர்டு லைப்ரரி, லோட் ஆனதுமே அதைச் செய்துவிடும். டெஸ்ட் தொடக்கத்தில் அந்த ரெஜிஸ்டரைப் படித்து அச்சிட்டால் கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

#14 வடிகட்டி64

எல்ரின்ட்எஃப் மாற்றியதும் பிசிஎம் பூஜ்ய வித்தியாசம். கிளாம்பும் போட்டாயிற்று. அடுத்து இதையே க்யூ15 ஃபிக்ஸ்டு பாயின்டில் (−1 முதல் 1 வரையுள்ள எண்ணை 16 பிட் இன்டீஜராக வைப்பது), எக்ஸ்86, நியான் (ஏஆர்எம்-ன் எஸ்ஐஎம்டி) இரண்டிலும் எழுத வேண்டும். இன்டீஜர் என்பதால் பிட் ஒற்றுமை தானாக வந்துவிடும் அல்லவா?

#15 நியான்_பக்கம்

வராது, இரண்டு இடத்தில் உதைக்கும்.

ரவுண்ட் செய்து மேல்பாதியை எடுக்கும் 16 பிட் பெருக்கல் இரண்டு பக்கமும் உண்டு. −32768 × −32768 கொடுத்தால் நியானின் சாச்சுரேட்டிங் (எல்லையில் நின்றுவிடும்) வடிவம் 32767 தரும், எக்ஸ்86-ன் இன்ஸ்ட்ரக்ஷன் −32768 தரும். ரேண்டம் டெஸ்டில் இந்த ஜோடி அபூர்வமாகத்தான் விழும், கையால் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது சாச்சுரேட்டிங் கூட்டல். 30000 + 10000 − 20000 என்று இடமிருந்து வலமாகப் போனால் 32767-ல் முட்டி 12767 வரும். 30000 − 20000 + 10000 என்று போனால் 20000. வெக்டர் ஆக்கியதும் வரிசை மாறும், விடையும் மாறும். அதனால் நடுவில் சாச்சுரேட் செய்யாதீர்கள். 32 பிட் அக்யுமுலேட்டரில் சாதாரண ராப் கூட்டல் (எல்லை தாண்டினால் மறுமுனையிலிருந்து தொடரும்), கடைசியில் ஒரே ஒரு முறை சாச்சுரேஷன். ராப் கூட்டலில் வரிசை எப்படி இருந்தாலும் விடை ஒன்றே; இடையில் ஓவர்ஃப்ளோ ஆனாலும் இறுதித் தொகை 32 பிட்டில் அடங்கினால் சரியாகவே வரும். அடங்குவதற்கு கோஎஃபிஷியன்ட்களின் அப்சல்யூட் கூட்டுத்தொகை 2-க்குக் கீழே இருக்க வேண்டும். இதை ஃபில்டரை லோட் செய்யும் இடத்திலேயே அசெர்ட் போட்டுச் சரிபாருங்கள்.

ரெஃபரன்ஸில் அந்தக் கூட்டலை அன்சைன்டு 32 பிட்டில் செய்து பிறகு சைன்டாக மாற்றுங்கள். சைன்டு ஓவர்ஃப்ளோ சி-யில் வரையறுக்கப்படாதது. வரையறுக்கப்படாததைக் கண்டுபிடிக்கும் யூபிசான் கருவி கத்தும், ஆப்டிமைசர் தன் இஷ்டத்துக்கு எதையாவது செய்யும்.